தென்கடலில் காற்றாலை: குத்தகை யார் தருவது, மீனவர் எங்கே கேட்பது?

கடலுக்குள் காற்றாலை நிறுவத் தமிழ்நாடு, குஜராத் கரைகளில் தலா எட்டு மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இரண்டையும் சேர்த்துச் சுமார் 70,000 மெகாவாட் கிடைக்கும் என்பது மதிப்பீடு. அதில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டுப் பக்கம். கரையோர ஊர்களில் முதலில் எழும் கேள்வி, கடல் யாருடையது என்பதுதான்.

அரசியலமைப்பின் 297ஆம் பிரிவுப்படி, கடலடி நிலமும் தனிப் பொருளாதார மண்டலத்தின் (கரையிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர் வரையுள்ள கடல்) வளங்களும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. அதனால் இங்கே மாநில அரசு பட்டா தர முடியாது. 2015 அக்டோபரில் வந்த தேசியக் கடல் காற்றாலைக் கொள்கை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தைப் பொறுப்பாக்கியது. அதைச் செயல்படுத்தும் முகமை, சென்னையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம். குத்தகைக்கான விதிகள் 2023 டிசம்பரில்தான் வந்தன. 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டத்தின் கீழ் அவற்றை வெளியிட்டது வெளியுறவு அமைச்சகம்.

குத்தகை இரண்டு கட்டம். முதல் கட்டம் ஆய்வுக்கு மட்டும்: மூன்று ஆண்டு, தேவைப்பட்டால் மேலும் இரண்டு. பரப்பு 25 முதல் 500 சதுர கிலோமீட்டர் வரை. காற்றின் வேகம், அலை, நீரோட்டம், கடலடி மண், மீன்வளம் எல்லாம் இந்தக் காலத்தில் அளக்கப்பட வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மட்டும் அளந்தால் கணக்கு பெருத்துக் காட்டும். முழு ஆண்டு அளவு இல்லாமல் வங்கிகள் கடன் தருவதில்லை. இரண்டாம் கட்டம் கட்டுமானத்துக்கும் உற்பத்திக்கும்: 35 ஆண்டு. பாதுகாப்பு, உள்துறை, கப்பல் துறை, சுற்றுச்சூழல் அமைச்சகங்களின் அனுமதி வேறு. ஒன்று தாமதித்தாலும் ஆய்வுக் கப்பல் கரையில் நிற்கும். அதன் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

பணத்துக்கு வருவோம். 2024 ஜூன் 19 அன்று ஒன்றிய அமைச்சரவை ரூ.7,453 கோடி ஒதுக்கியது. ரூ.6,853 கோடி காற்றாலைகளுக்கான மானியம்: தமிழ்நாட்டில் 500 மெகாவாட், குஜராத்தில் 500 மெகாவாட். வகுத்துப் பார்த்தால் மெகாவாட்டுக்கு ரூ.6.85 கோடி வருகிறது. மீதி ரூ.600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த. கடலில் துணை மின்நிலையமும் கரை வரைக்குமான கேபிளும் ஒன்றிய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட்டின் வேலை. இந்த 1,000 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு 372 கோடி யூனிட் எதிர்பார்க்கிறார்கள். 2032 டிசம்பர் 31க்குள் உற்பத்தி தொடங்கும் கடல் காற்றாலைகளுக்கு மாநிலங்களுக்கிடையேயான மின்கடத்தல் கட்டணமும் இல்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் நகரவில்லை? தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு 2024 தொடக்கத்தில் விட்ட டெண்டரில் இந்த மானியம் கிடையாது. மின்சாரத்தை வாங்க அரசு உறுதியும் கிடையாது. ஆய்வு செய்து, அனுமதி வாங்கி, வாங்குபவரையும் நிறுவனமே தேட வேண்டும். கடைசித் தேதி தள்ளித் தள்ளிப் போய், 2025இல் டெண்டர் ரத்தானது. ஆய்வுச் செலவின் ஒரு பங்கையாவது அரசு ஏற்காமல் இனி விடும் டெண்டரும் இதே கதிக்குத்தான் ஆளாகும் என்பது எங்கள் கருத்து.

மீனவர் பக்கம்தான் சட்டத்தில் பெரிய ஓட்டை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 60ஆம் பிரிவு, ஒவ்வொரு கட்டமைப்பைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போட அனுமதிக்கிறது. ஒரு வளையம் 0.785 சதுர கிலோமீட்டர். 10 மெகாவாட் ஆலைகளாக 500 மெகாவாட் நட்டால் 50 கம்பம். எல்லாவற்றுக்கும் முழு வளையம் போட்டால் சுமார் 39 சதுர கிலோமீட்டரில் வலை வீச முடியாது. இழுவலைக்கும் செவுள்வலைக்கும் கம்பங்களுக்கு இடையே எவ்வளவு வழி விடுவார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான்.

நிலம் கையகப்படுத்தல் சட்டம் 2013, நீர்நிலையை நம்பி வாழும் மீனவரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் நிலம் கையகப்படுத்தப்பட்டால் மட்டுமே அது பொருந்தும். கடல் குத்தகைக்குப் பொருந்தாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006இன் அட்டவணையில் காற்றாலை இல்லை. ஆகவே அதன்படியான பொது விசாரணைக்கூட்டம் தானாக நடந்துவிடாது.

மிஞ்சியிருக்கும் கதவு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 2019. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அதன் எல்லை. அதற்குள் வரும் கம்பமும் கரையேறும் கேபிளும் மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் முன் வர வேண்டும். ஆணையக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை மீனவர் சங்கங்கள் விடாமல் பார்க்க வேண்டும். மனுவில் வெறும் எதிர்ப்பு போதாது: மீன்பிடி இடங்களை ஜிபிஎஸ் புள்ளிகளோடு, எந்த மாதம், எந்த வலை, எத்தனை படகு என்று எழுதி இணையுங்கள். நகலை மீன்வளத் துறைக்கும் காற்று ஆற்றல் நிறுவனத்துக்கும் அனுப்பி ரசீது வாங்குங்கள். முதல் கட்ட ஆய்வு நடக்கும்போதே இது போய்ச் சேர வேண்டும். கம்பங்களின் வரைபடம் உறுதியான பிறகு ஒரு கம்பத்தை நகர்த்தினாலும் கேபிள் வழி முழுவதும் மாறும், அதற்கு எந்த நிறுவனமும் எளிதில் ஒத்துக்கொள்ளாது.