ஷட்டர் லேக்: ‘மூடி வேகம்’ இல்லை, சொடுக்குச் சுணக்கம்

“மூடி வேகம் கூடின கமரா, டக்குனு புடிக்கும்.” ஹட்டனில் ஒரு கடையில் இப்படிச் சொல்லித்தான் அக்காவின் மகனுக்கு ஒரு கையடக்கக் கமராவை விற்றிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த தமிழ்த் தாளிலும் ‘மூடி வேகம் 1/2000’ என்றே அச்சாகியிருக்கிறது. மாசியில் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தது. தப்பு மேளம் உச்சத்துக்கு ஏற, ஆட்டக்காரர் துள்ளுகிறார், பையன் பொத்தானை அழுத்துகிறான். படத்தில் அவர் தரையில் நிற்கிறார். மன்மதன் எரியும் கட்டமும் அப்படியே கைநழுவிப் போனது. “மாமா, ரெண்டாயிரம்னு போட்டிருக்கே, ஏன் லேட்டாகுது?” என்று கேட்டான். அந்த ரெண்டாயிரத்துக்கும் அவன் கேட்ட லேட்டுக்கும் தொடர்பே இல்லை. இருப்பதாக அவனை நம்ப வைத்தது அந்தச் சொல்.

ஷட்டர், ‘மூடு’ என்ற பொருளுள்ள ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஜன்னல் கதவுக்குப் பெயராக இருந்து, கமராவுக்குள் ஒளிக்கு வழி திறந்து மூடும் உறுப்புக்குப் போய், நம் டவுன் கடைகளின் உருட்டுக் கதவுக்கும் வந்துவிட்டது. லேக் என்றால் பிந்துதல். பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதியத் தொடங்குவதற்கும் இடையே கழியும் நேரமே ஷட்டர் லேக்.

ஷட்டர் ஸ்பீட் என்பதைத்தான் பெட்டித் தாள் ‘மூடி வேகம்’ என்கிறது. இனி இந்த ‘மூடி’. தமிழில் மூடி என்றால் போத்தலுக்கும் சட்டிக்கும் மேலே வைப்பது. கமராவிலும் அப்படி ஒன்று ஏற்கெனவே உண்டு, வில்லையின் மேல் மாட்டும் மூடி. பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கமாகியிருக்கும் ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கம் காலமானவர். அவர் படமெடுத்த ஈரத்தகட்டு முறையில் வில்லை மூடியைக் கையால் கழற்றி, நிமிடக் கணக்கில் காத்திருந்து, திரும்ப மாட்டுவார்கள். அங்கே மூடியே ஷட்டர், அதை மூடி என்பதில் குற்றமில்லை. இன்று அது வேறு உறுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘மூடியைக் கழற்றுங்கள்’ என்று கையேட்டில் படிக்கிறவன் எதைக் கழற்றுவான்?

‘வேகம்’ இன்னும் மோசம். 1/2000 என்பது நேரம். ஒரு விநாடியின் அந்தப் பங்களவுக்கு மட்டும் ஒளி உள்ளே விழுகிறது. ஆங்கிலத்திலேயே அதை வேகம் என்பது தளர்ந்த வழக்குத்தான், அதையும் சுமந்து வர வேண்டுமா? ‘திறப்பு நேரம்’ என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். துள்ளுகிறவர் படத்தில் தெளிவாக விழுவாரா, கலங்கித் தெரிவாரா என்பதைத் திறப்பு நேரம் தீர்மானிக்கிறது. அவர் துள்ளும்போதே படம் பதியுமா என்பது வேறு கணக்கு. பெட்டியில் முதலாவதை அச்சடிக்கிறார்கள், இரண்டாவதைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டையும் ஒரே சொல்லால் விற்றால் வாங்குகிறவன்தான் ஏமாறுகிறான்.

லேக்கை ‘மூடல் பின்னடைவு’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னடைவு தேர்தலில் வேட்பாளருக்கு வருவது. முன்னேறியது பின்வாங்கினால்தான் பின்னடைவு. கமராவில் எதுவும் பின்வாங்கவில்லை, பிந்துகிறது. அகராதியை மட்டும் திறந்து, கமராவைக் கையிலேயே எடுக்காமல் மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. ஒளியால் எழுதுவதைப் புகைப்படம் என்று ஆக்கிவிட்டு, பல தலைமுறைகளாகப் புகையைத் தேடிக்கொண்டிருப்பதும் இதே பழக்கத்தால்தான்.

பிந்துவது எது என்று பார்த்தால் சொல் தானாக வரும். ஷட்டர் சோம்பேறி இல்லை. பழைய கையடக்கக் கமராக்களில் பெரும்பகுதி நேரத்தைத் தின்றது குவியம் (ஃபோகஸ்) தேடும் வேலை. வில்லை முன்னும் பின்னும் நகர்ந்து, ஒளிக்கும் நிழலுக்கும் வேறுபாடு எங்கே கூர்மையாகிறது என்று துழாவும். இரவுக் கூத்தின் அரைவெளிச்சத்தில் அது தடுமாறும். கொழுந்து மலையில் மூட்டம் இறங்கினால் வேறுபாடே மங்கிவிடும், துழாவல் இன்னும் நீளும். அரை விநாடி, சிலவற்றில் ஒரு விநாடிகூடப் போகும். கொழுந்தைக் கூடைக்குள் போடும் கை அதற்குள் அடுத்த செடிக்குப் போய்விடும். பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை முன்கூட்டியே பூட்டி வைத்தால், அதே கமரா விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் படமெடுத்துவிடும். 2010இல் பியூஜிபில்ம் எப்300இஎக்ஸ்ஆர் என்ற கமரா, படத்தைப் பதியும் உணரியிலேயே கட்டவேறுபாட்டுக் குவியத்தைக் கொண்டுவந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று வில்லைக்கு அளந்து சொல்லும் முறை அது.

ஷட்டருக்கு ‘இமை’ என்று சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். மாத்திரைக்குத் தொல்காப்பியம் தரும் அளவு கண் இமைப்பதும் கை நொடிப்பதும். கமராவில் இமைப்பு ஷட்டருடையது, நொடிப்பு விரலுடையது. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளிக்குத்தான் பெயர் வேண்டும். ‘இமைச் சுணக்கம்’ என்றால் பழி இமையின் மேல் விழுகிறது, ஆங்கிலச் சொல் செய்யும் பிழையே தமிழிலும் தொடரும். ஆகவே விரலிலிருந்து தொடங்கி, ‘சொடுக்குச் சுணக்கம்’ என்கிறேன். சொடுக்கு, கணினி எலிக்கு ஏற்கெனவே பழகிய சொல். சுணக்கம், கடிதமும் காசோலையும் பிந்தும்போது இலங்கையில் எல்லோர் வாயிலும் வருவது. தாமதம் என்றாலும் தப்பில்லை, ஆனால் சொடுக்கோடு சுணக்கம் சேர்ந்தால் நாக்கு இடறாது.

கடையில் மூடி வேகத்தைக் கேட்காதீர்கள், சொடுக்குச் சுணக்கத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கைபேசியில் நிறுத்தற் கடிகாரத்தை ஓடவிட்டு, 5.00 தெரியும்போது கமராவை அழுத்துங்கள். படத்தில் 5.70 என்று விழுந்திருந்தால் சுணக்கம் 0.70 விநாடி, உங்கள் கையின் பிந்தலும் அதில் கலந்திருக்கும். அடுத்த கமராவையும் அதே கைதான் அழுத்தப்போகிறது. எதில் எண் குறைவோ அதை எடுங்கள்.