டி'குரூஸ் என்று டைப் செய்தால் பக்கம் உடைகிறதா?

தூத்துக்குடிப் பக்கம் டி'குரூஸ், டி'சூசா, டி'சில்வா என்ற குடும்பப் பெயர்கள் சகஜம். போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தவை. ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடுவார்கள். பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய பழைய தளங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக ஒரு தளம் கைக்கு வந்தால், கோடைத் திறக்கும் முன்பே அதன் டெஸ்ட் காப்பியில் இந்தப் பெயர்களில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பேன். வெள்ளைப் பக்கமோ 'சிண்டாக்ஸ் எரர்' என்ற வரியோ வந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கவுன்டரில் உட்கார்ந்து டைப் செய்பவர்களுக்கு இது பழைய செய்தி. "அந்தக் குறி போடாதீங்க சார், ஏறாது" என்பார்கள். டெவலப்பரிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடப்பது இதுதான். பெட்டியில் வந்த பெயரை ஸ்கிரிப்ட் அப்படியே எடுத்து, டேட்டாபேஸுக்கு அனுப்பும் குவெரியின் (தேடல் கட்டளையின்) நடுவில் ஒட்டுகிறது: செலக்ட் * ஃப்ரம் மெம்பர்ஸ் வேர் நேம் = 'டி'குரூஸ்'. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லுக்கு முதல் குறியில் பெயர் தொடங்குகிறது, அடுத்த குறியில் முடிந்துவிடுகிறது. ஆக, பெயர் வெறும் 'டி'. மிச்சமிருக்கும் 'குரூஸ்' அதன் கணக்கில் கட்டளை. புரியாத கட்டளை என்பதால் பிழை காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதே இடத்தில் மைஎஸ்கியூஎல்லுக்குப் புரிகிற கட்டளையை எழுதத் தெரிந்தவர் வந்தால் நிற்காது, சொன்னதைச் செய்யும். ஒருவரைத் தேடிய பக்கத்தில் உறுப்பினர் பட்டியல் முழுவதும் கொட்டும்.

இதற்குப் பெயர் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன். 1998-லேயே ஹேக்கர் இதழான ஃப்ராக்கில் விளக்கி எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2015-ல் பிரிட்டனின் தொலைத்தொடர்பு நிறுவனமான டாக்டாக்கில் இதே வழியில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின. அடுத்த ஆண்டு 4 லட்சம் பவுண்டு அபராதம். நுழைந்த இடம், அவர்கள் வாங்கிய இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து வந்த பழைய வலைப்பக்கங்கள். இப்படி யாரும் கவனிக்காமல் கிடக்கும் பக்கங்கள் நம் ஊர்த் தளங்களிலும் நிறைய.

அரைகுறை வைத்தியங்களும் நிறையப் பார்க்கிறேன். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்து அந்தக் குறியையே தடுப்பது ஒன்று. பிரவுசர் இல்லாமலே சர்வருக்கு நேரடியாக அனுப்பலாம் என்பதால் அது பூட்டே இல்லை. குறிக்கு முன்னால் சாய்கோடு சேர்த்து அதை வெறும் எழுத்தாக்குவது, அதாவது எஸ்கேப் செய்வது, இன்னொன்று. பெயருக்கு உதவும், எண்ணுக்கு உதவாது. ஐடி = 5 என்று மேற்கோள் இல்லாமல் எழுதிய இடத்தில் '5 ஆர் 1=1' என்று வந்தால் எஸ்கேப் செய்ய அதில் குறியே இல்லையே!

சரியான வழி, குவெரியையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்புவது. மதிப்பு வரும் இடத்தில் ஒரு ? மட்டும் போட்டு முதலில் பிரிப்பேர், அப்புறம் மதிப்பைக் கொடுத்து எக்ஸிக்யூட். குவெரியின் அமைப்பு முதலிலேயே முடிவாகிவிடுவதால், பிறகு வரும் டி'குரூஸ் முழுப் பெயராகவே போய்ச் சேரும். பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸோடு பேச உதவும் பிடிஓ, மைஎஸ்கியூஎல்ஐ இரண்டிலும் இந்த வசதி உண்டு. பிடிஓ மைஎஸ்கியூஎல்லோடு பேசும்போது, சொல்லாவிட்டால் இந்தப் பிரிப்பை தானே பாவனை செய்துகொள்ளும். அந்த எமுலேஷனை அணைத்துவிடுங்கள்.

சில இடங்களில் மட்டும் ? செல்லாது. டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை. பயனர் எதை வைத்து வரிசைப்படுத்தச் சொல்கிறார் என்பதை நாமே எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள்.

பிழையைக் கையாள்வதும் முக்கியம். பிஎச்பி 8.0-க்கு முன்பு பிடிஓ இயல்பாகவே வாய் திறக்காது. பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் 'பதிவு முடிந்தது, நன்றி' என்று காட்டிவிட்டுப் போகும். டேபிளில் ஒன்றும் இருக்காது. பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்திச் சொல்லும் எக்ஸெப்ஷன் மோடை இயக்குங்கள். பிழை விவரம் லாகில் எழுதப்படட்டும், திரையில் வேண்டாம். கனெக்‌ஷனில் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 என்றும் குறிப்பிடுங்கள்; மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்பது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் எழுத்து அதில் அடங்கும், எமோஜி அடங்காது.

அப்புறம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில் ஓடும் தளங்கள். தளத்துக்கென்று தனி யூசர் போட்டு, அந்த ஒரு டேட்டாபேஸில் செலக்ட், இன்சர்ட், அப்டேட், தேவைப்பட்டால் டெலிட் மட்டும் கொடுங்கள். வலைப்பக்கம் டேபிளை டிராப் செய்ய வேண்டிய அவசியம் அநேகமாக வராது. பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைல் பொது ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும்.

பழைய தளத்தை வைத்திருப்பவர்கள் 'மைஎஸ்கியூஎல்_குவெரி' ஃபங்ஷனைத் தேடிப் பாருங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-விலேயே அதை நீக்கிவிட்டார்கள். இன்னும் அது ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பிஎச்பியும் காலாவதியானதுதான். லாகின், தேடல் பக்கங்களிலிருந்து தொடங்கி மாற்றுங்கள். 'நாங்க மட்டும்தானே பார்க்கிறோம்' என்று அட்மின் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். மேற்கோள் குறிச் சோதனையை உங்கள் தளத்தில் மட்டும் செய்யுங்கள்; அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றிச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் கீழ் பதில் சொல்ல வேண்டிவரும்.