மணிக்குப் பதில் ஹலோ

1877இல் தொலைபேசிக்கு மணி கிடையாது. இரண்டு இடங்களை ஒரு கம்பி எந்நேரமும் இணைத்தபடி இருக்கும். மறுமுனையில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது? கிரகாம் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன், கருவியின் அதிர்தகட்டைப் பென்சிலால் தட்டிப் பார்த்தார். தகடு கெட்டுப்போனதால், அதற்கென்றே சிறு சுத்தியல் ஒன்றைப் பெட்டிக்குள் பொருத்தினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தந்தி நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் எடிசன் இன்னும் மலிவான வழி சொன்னார்: மணியே வேண்டாம், 'ஹலோ' என்றால் 10 முதல் 20 அடி வரை கேட்கும்.

சொல் அவருடையது அல்ல. 'ஹொல்லா', 'ஹல்லோ' என்றெல்லாம் கூவித் தொலைவில் இருப்பவர்களை அழைப்பது ஆங்கிலேயரின் பழைய வழக்கம். 'ஹலோ' என்ற வடிவம் 1820களிலேயே அமெரிக்க அச்சில் இருக்கிறது. அப்போது அது முகமன் அல்ல. நம் 'அடடே' போன்ற வியப்பொலி. பெல்லுக்கோ மாலுமிகள் கூவும் 'அஹாய்'தான் பிடித்திருந்தது. நல்லவேளை, அது எடுபடவில்லை.

1878இல் வாட்சனே கைப்பிடியைச் சுழற்றி அடிக்கும் மணியை உருவாக்கிவிட்டார். எடிசனின் யோசனைக்கு வேலை போயிற்று, சொல்லுக்குப் போகவில்லை. இணைப்பகங்களில் வேலை பார்த்த பெண்களை அமெரிக்கர்கள் 'ஹலோ கேர்ள்' என்றே அழைத்தார்கள்.

சொல் நிலைத்ததற்குக் காரணம், மணி ஆளைக் கூப்பிடுமே தவிர, கம்பி வழியே குரல் போகிறதா என்று சொல்லாது. பேச்சின் பணிகளை வகைப்படுத்திய மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன், தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று சோதிப்பதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். நேரில் கண்டால் 'வாருங்கள்' என்று வரவேற்கும் பெரியவரும், சிக்னல் விட்டுவிட்டு வரும்போது 'ஹலோ... ஹலோ...' என்று குரலை உயர்த்துவது இந்தச் சோதனைதான். ஐந்து நிமிடம் பேசிய பிறகு யாரும் புதிதாக முகமன் கூறுவதில்லையே! 'ஹலோ' என்ற சொல்லும் இந்த வேலைக்குத் தோதானது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்தும். 'ஸ்', 'ஃப்' போன்றவை அதில் மழுங்கும். நீட்டிச் சொல்லும் 'ஓ' தெளிவாகவே போய்ச் சேரும். எடிசன் இதைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வதற்கில்லை.

கைபேசி வந்தபோது இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மின்கலத்தை மிச்சப்படுத்த, நாம் பேசாத நொடிகளில் கைபேசி குரலை அனுப்புவதை நிறுத்திவிடும். முழு நிசப்தம் நிலவினால், கேட்பவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைப்பார். அதனால் அவருடைய கருவியே மெல்லிய செயற்கை இரைச்சலை உண்டாக்கிக் காதில் ஒலிக்கவிடுகிறது.