பதினான்கு பேரைக் கேட்டாச்சு சார்

போன மாதம் ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். முதல் கட்டத்தில் பெயர், அடுத்ததில் அவர் என்ன சொன்னார், மூன்றாவதில் ஏன் சொன்னார். மொத்தம் பதினான்கு வரி. பத்து வருடமாகப் பார்க்கும் கணக்கு வேலையை விட்டுவிட்டு, சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் படிப்பில் சேரலாமா என்பதுதான் கேள்வி. எட்டுப் பேர் சேரச் சொல்லியிருந்தார்கள், ஐந்து பேர் வேண்டவே வேண்டாம் என்றிருந்தார்கள், ஒருவர் மட்டும் 'உன் இஷ்டம்' என்று சொல்லியிருந்தார். அந்த ஒருவர் மேல்தான் இவருக்குக் கோபம். "பொறுப்பே இல்லாம பேசுறாங்க சார்."

பதினைந்தாவது வரியில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் இரண்டு கட்டமும் காலி. அவருடைய பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

(அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். ஒருவர் எக்செல்லில் கொண்டுவந்தார். இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பே நடத்தி முடித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் என்னிடம் எதற்கு என்று கேட்டால், "நீங்க இந்த ஃபீல்டுல இருக்கீங்க, கரெக்டா சொல்வீங்க" என்கிறார். எந்த ஃபீல்டில்? நான் உளவியல் ஆலோசகன். அடுத்தவர் வாழ்க்கையில் அடுத்தது என்ன என்பது எங்களுக்குத் தெரியும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொல்லிவிடலாமா என்று எங்களுக்கும் தோன்றும். மாலையில் கடைசி ஆளாக வருபவர் அதே கேள்வியை மூன்றாவது முறை கேட்கும்போது பதில் நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். சரியாக அமைந்தால் அடுத்த முடிவுக்கும் என்னிடமே வருவார். தப்பாகப் போனால் 'நீங்கதானே சொன்னீங்க' என்பார். எப்படிப் போனாலும் அவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

யாரையும் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகக் கேளுங்கள், ஆனால் தகவலைக் கேளுங்கள். 'அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும்? எதற்காக ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள்?' என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். 'நான் சேரலாமா?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன் பயத்தையோ தன் நிறைவேறாத ஆசையையோதான் எடுத்துத் தருவார். பாவம், அவரிடம் இருப்பது அதுதான்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வேறொரு இடத்தில். இத்தனை பேரைக் கேட்டவரிடம் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "எனக்கு இன்னும் கிளியரா வரல சார். உள்ளேயிருந்து அந்த நம்பிக்கை வரணும் இல்ல?"

வர வேண்டுமா? எங்கிருந்து வரும்?

தன்னை நம்புகிறவருக்குச் சந்தேகமே இருக்காது, உள்மனது தெளிவாக ஒரு வார்த்தை சொல்லும், அது கேட்டதும் கிளம்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. அந்தக் குரலுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அது கேட்கவில்லை என்பதற்காகவே 'என்னிடம் ஏதோ குறை' என்று முடிவுகட்டியவர்களையும் தெரியும். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "கணக்குத் தாளைப் பார்த்ததும் எங்கேயோ இடிக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமா?" "பார்த்தாலே தெரியும் சார்." "வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே தெரிஞ்சுதா?" சிரித்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கான தாள்கள் அவர் கையில் வந்து போயிருக்கின்றன. தப்பு செய்தபோதெல்லாம் அடுத்த நாளோ அடுத்த வாரமோ அது தப்பு என்று தெரிந்திருக்கிறது. உள்ளுணர்வு உருவாவது அப்படித்தான். உளவியலாளர் டேனியல் கானெமன் உள்ளுணர்வைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர். இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து வியந்தவர். எதிரெதிர் முகாமில் இருந்த இருவரும் உட்கார்ந்து பேசி 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புவதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகள் இரண்டு. அந்தத் துறையில் கணிக்கக்கூடிய ஒழுங்கு இருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பயிற்சியும், செய்தது சரியா தப்பா என்ற பதிலும் கிடைத்திருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு உள்ளுணர்வை எடைபோட முடியாது என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

இப்போது யோசியுங்கள். வேலையை விட்டுப் படிக்கப் போவதை ஒருவர் வாழ்நாளில் எத்தனை முறை செய்வார்? ஒன்றோ இரண்டோ. அதில் உங்கள் உள்மனதுக்கு என்ன அனுபவம் இருக்கிறது, தெளிவாகச் சொல்வதற்கு? அது பேசாமல் இருந்தால் நேர்மையாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தமாகப் பேசினால்தான் நான் கொஞ்சம் உஷாராவேன், பேசுவது பயமாக இருக்கலாம். 'நினைச்சாலே வயித்தைப் பிசையுது, அப்போ இது எனக்கானது இல்ல' என்கிறார்கள். புதிதான எதற்கும் வயிறு பிசையத்தான் செய்யும். ஆபத்துக்கும் பழக்கமின்மைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

நம்பிக்கை வந்த பிறகு செய்வேன் என்பவர்களுக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே பதில் எழுதிவிட்டார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை வரும் வழிகள் நான்கு என்றார் அவர். தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இதில் பலமானது செய்து பார்த்ததுதான். வாய்வார்த்தை அதற்குப் பக்கத்தில் நிற்காது. தினமும் காலையில் தன்னம்பிக்கை வீடியோ பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

'என் பாதை' என்று ஒன்று எங்கேயோ தயாராகக் கிடப்பதாக நினைப்பதும் இதோடு ஒட்டியதுதான். ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், அது கடினமாகும்போது சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள் என்று ஓகீஃப், ட்வெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2018-இல் எழுதினார்கள். கஷ்டமாக இருக்கிறதா, அப்படியென்றால் இது என் பாதை இல்லை, அடுத்தது. இப்படியே நான்கு படிப்பைப் பாதியில் விட்டவர் ஒருவர் என்னிடம் வருகிறார். ஒவ்வொன்றையும் ஏறக்குறைய அதே கட்டத்தில், முதல் சோதனைத் தேர்வு சொதப்பியதும் விட்டிருக்கிறார்.

சரி, என்ன செய்வது? சிறியதாகச் செய்து பாருங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதாமலே எந்தப் பாதையையும் நான்கு நாள் நடந்து பார்க்கலாம். போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எது பிடிக்கும், எது பிடிக்காது, முடிந்ததும் எப்படி இருப்பேன். தேதி போடுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று ஏமாற்றாதீர்கள். நடந்து முடிந்த பிறகு 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மனது மாற்றிச் சொல்லும், எல்லோருக்கும் சொல்லும். எழுதி வைத்தால்தான் உங்கள் கணிப்பு எங்கே பலிக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பிடிபடும். கோபத்தில் முடிவெடுக்காதீர்கள். தூக்கம் கெட்ட வாரத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். திரும்பி வர முடிகிற முடிவுக்கு மாதக்கணக்கில் யோசித்து, திரும்ப முடியாததை ஒரே ராத்திரியில் எடுப்பவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சமயங்களில் மட்டும், இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள், தயவுசெய்து. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது தன்னம்பிக்கைக் குறைவு இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பும் சேர்ந்தால் இரண்டு வாரம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள். இதற்கு நேர்மாறானதும் உண்டு. திடீரென்று மலையளவு நம்பிக்கை, மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, கையில் இருப்பதையெல்லாம் போட்டு ஏதோ ஆரம்பிக்கத் துடிக்கிறார் என்றால் வீட்டில் இருப்பவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அதுவும் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

நோட்டுக்காரப் பெண் மூன்று சனிக்கிழமை ஒரு சிறப்புப் பள்ளியில் உதவிக்குப் போய்விட்டு வந்தார். போவதற்கு முன்னால் 'குழந்தைகளோடு இருப்பது பிடிக்கும், பெற்றோரிடம் பேசுவது கஷ்டம்' என்று எழுதியிருந்தார். நடந்தது தலைகீழ். வகுப்பில் ஒரு மணி நேரத்திலேயே தலைவலி வந்துவிட்டது. வாசலில் காத்திருந்த ஒரு தாயோடு பேச ஆரம்பித்து, பள்ளி விட்ட பிறகும் நின்றுகொண்டே பேசியிருக்கிறார். மூன்று வாரமும் அப்படித்தானாம். "இப்போ நான் அந்தப் படிப்புல சேரணுமா, இல்ல வேற ஏதாவதா? நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், அடுத்த சனிக்கிழமையும் போகப் போவதாகவும், வகுப்புக்குள் போகாமல் பெற்றோர் கூட்டத்தில் மட்டும் உட்காரலாமா என்று அங்கே கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார்.