குழந்தையின் முறை வரும்வரை

2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு ஓர் எளிய வேலை தரப்பட்டது. குழந்தைக்கு இரண்டு புதுச் சொற்களைக் கற்றுத்தர வேண்டும். இரண்டுமே ஆய்வுக்காக உருவாக்கியவை, ஒவ்வொன்றும் ஓர் அசைவைக் குறிப்பவை. ஒரு சொல்லைக் கற்றுத்தரும்போது எந்தத் தடங்கலும் இல்லை. இன்னொன்றின்போது நடுவில் செல்போன் ஒலிக்கும். அம்மா எடுத்துப் பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இரண்டு சொற்களும் குழந்தையின் காதில் விழுந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் தடங்கல் இல்லாமல் கேட்ட சொல்லைத்தான் குழந்தைகள் கற்றிருந்தார்கள்.

குழந்தையிடம் நிறையப் பேசுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான அறிவுரைதான், ஆனால் பாதிதான். சொற்களைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் மொழி வந்துவிடாது. குழந்தை எதையாவது செய்ய, அதற்கு நாம் பதில் தர, அதற்கு அது மறுபடி ஏதாவது செய்ய, இப்படி முறை மாறி மாறி வர வேண்டும்.

கேட்பதில் குழந்தைக்கு அசாத்தியத் திறமை உண்டு. இந்தியில் 'த', 'ட' என்று ஒலிக்கும் வேறுபாடு ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்குப் பிடிபடுவது கடினம். ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அதை எளிதாகப் பிரித்தறிவதாக ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். முதல் பிறந்தநாள் நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. வீட்டில் புழங்கும் ஒலிகளுக்கே காது பழகிக்கொள்கிறது.

அப்படியானால் ஒலிப்பதிவைப் போட்டாலே போதாதா? பட்ரீசியா குல் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருடன், மாண்டரின் என்ற சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகினார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்களுக்கும் ஒலியாக மட்டும் கேட்டவர்களுக்கும் எந்த முன்னேற்றமும் இல்லை. 2003-இல் வெளியான முடிவு இது.

திரை என்பதாலேயே தோற்றது என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் வந்த இன்னோர் ஆய்வில், வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் குழந்தைக்கு அப்போதைக்கப்போது பதில் சொல்லிப் பேசியபோது, இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் புது வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. பதில் சரியான நேரத்தில் வருகிறதா என்பதே இங்கே முக்கியம். மழலை ஒலி எழுப்பும் 8 மாதக் குழந்தைகளிடமும் இதைப் பார்த்தார்கள். ஒலி எழுப்பியவுடன் அம்மா சிரித்துத் தொட்டால், அடுத்து வரும் ஒலிகள் பேச்சை நெருங்குகின்றன. அதே சிரிப்பும் தொடுதலும் அதே அளவுக்கு, ஆனால் சம்பந்தமில்லாத நேரத்தில் கிடைத்தால் மாற்றம் இல்லை.

இங்கேதான் பெரியவர்களுக்குச் சிக்கல். நமக்குள் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டுக் கண்டது இது. குழந்தை அவ்வளவு வேகமில்லை. ஒரு பொருளின் பெயரைச் சொன்னால், 15 மாதக் குழந்தை அந்தச் சொல் முழுதும் முடிந்த பிறகே உரிய படத்தின் பக்கம் பார்வையைத் திருப்புகிறது. 24 மாதத்தில் சொல் முடியும் முன்பே திரும்பிவிடுகிறது. கேட்பதற்கே இப்படி என்றால், கேட்டு, யோசித்து, வாயைத் திறந்து ஓர் ஒலி எழுப்ப இன்னும் நேரம் வேண்டும். நாமோ அந்த இடைவெளியில் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம், அல்லது பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். முதலில் அது ரொம்ப நீளமாகத் தோன்றும். பரவாயில்லை, காத்திருங்கள்.

விளையாட்டு இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணமும் இதுதான். நல்ல விளையாட்டில் குழந்தையின் முறை எப்போது வரும் என்பது குழந்தைக்கே தெரியும். பந்து உருட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... போ!" என்று சொல்லிச் சில தடவை உருட்டுங்கள். அப்புறம் "மூணு" வரை சொல்லிவிட்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையின் முகத்தைப் பாருங்கள். கை நீளலாம், "ம்" என்று ஓர் ஒலி வரலாம், "போ" என்றே வரலாம். எது வந்தாலும் அதுதான் பதில், உடனே உருட்டிவிடுங்கள். பழகிய பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டு நிறுத்துவதும் இதே உத்திதான். துணிக்குப் பின்னால் முகத்தை ஒளித்து விளையாடும்போது, துணியை விலக்கும் முன் கொஞ்சம் தாமதியுங்கள்.

காலுறையைக் காதில் மாட்ட முயலுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை சும்மா இருக்காது. மறுக்கும், சிரிக்கும், தன் காலைக் காட்டும். "ஓ, காலுக்கா? சரி, காலில் போடலாம்" என்று சொன்னால், அதன் கவனம் முழுக்க அங்கே இருக்கும்போது 'கால்' என்ற சொல் காதில் விழுகிறது. குழந்தையின் பார்வை இருக்கும் பொருளுக்குப் பெயர் சொல்வது, பார்வையை வேறு பக்கம் இழுத்துப் பெயர் சொல்வதைவிடப் பலன் தருவதாக மைக்கேல் டோமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபராரும் 1986-இல் கண்டார்கள். நாம் பூனைப் படத்தைக் காட்ட நினைக்கும்போது அது கதவுத் தாழ்ப்பாளை நோண்டிக்கொண்டிருந்தால், தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுவதே மேல்.

சுட்டுவிரலையும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "அம்மா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் காட்டும் குழந்தை, இரண்டு சொல் வாக்கியத்தைப் பாதி விரலாலும் பாதி வாயாலும் சொல்லிவிட்டது. "ஆமா, அம்மா செருப்பு" என்று முழுமையாக்கித் திருப்பிச் சொன்னால் போதும். திருத்த வேண்டாம், "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்கவும் வேண்டாம். "இது என்ன? அது என்ன?" என்று தொடர்ந்து பரீட்சை வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விகள் அவை. குழந்தை சலித்து எழுந்துபோவதில் நியாயம் இருக்கிறது.

படப் புத்தகத்தை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்திலேயே பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கலாம். குழந்தை அதே புத்தகத்தையே மறுபடி மறுபடி கொண்டுவந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். மூன்று வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், புதுச்சொற்கள் ஒரே எண்ணிக்கையில் வந்தபோதும், வெவ்வேறு கதைகள் கேட்டவர்களைவிட ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அவற்றை நன்றாகக் கற்றார்கள்.

வீட்டில் இரண்டு மொழி என்றால், இரண்டிலும் விளையாடலாம். குழந்தை கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் இல்லை.

ஒவ்வொரு குழந்தையின் வேகமும் வேறு. ஆனாலும் 12 மாதத்தில் மழலை ஒலியோ சுட்டிக்காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்வதில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த வயதிலும், பேசிய சொற்கள் மறைந்தால் தாமதிக்கவே வேண்டாம். செவித்திறனை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் தேங்கியிருந்தால்கூடக் கேட்பது மங்கும், வெளியே தெரியாது. சோதனைக்கான தேதி வரும்வரை பந்தையும் பாட்டையும் நிறுத்த வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, ஒவ்வொரு முறைக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுத்து விளையாடுங்கள்.