மின்காந்தக் குருதிப் பாய்வுமானி

எலக்ட்ரோமேக்னடிக் பிளட் ஃப்ளோமீட்டர் என்பதற்கான தமிழ்ப் பெயர் இது. தமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குள் (ஆர்ட்டரி), நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று காந்தப்புலத்தை வைத்து அளக்கும் கருவி.

காந்தம் என்றதும், ரத்தத்திலுள்ள இரும்பை அது இழுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி ஆலையில் கருமணலிலிருந்து இல்மனைட் என்ற தாதுவைக் காந்தம் வைத்துப் பிரிப்பதைக் கேட்டு வளர்ந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இங்கே இரும்புக்கு வேலையே இல்லை. மின்சாரம் கடத்தும் எந்த நீர்மமும் காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்புகளே அதற்குப் போதும், குளச்சல் கடல்தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டாலும் அப்படித்தான். இயற்பியலாளர் ஃபாரடே 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் மின்முனைகளை இறக்கி, பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டே இதைக் காணப் பார்த்தார், கைகூடவில்லை. 1936-இல் அலெக்சாண்டர் கோலின் என்ற இயற்பியலாளர் இதே வழியில் ரத்த ஓட்டத்தை அளந்து காட்டினார்.

அறுவை சிகிச்சையில் தமனியை வெளியே தெரியும்படி எடுத்து, வெட்டாமல், அதைச் சுற்றி ஒரு சின்ன வளையத்தை மாட்டுவார்கள். காந்தப்புலம் ஓட்டத்துக்குக் குறுக்கே, அந்த இரண்டுக்கும் குறுக்கே சுவரின் இருபக்கமும் மின்முனைகள். கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்கில்தான். அதிலிருந்து வேகம் தெரியும், வேகத்தைக் குழாயின் குறுக்குப்பரப்பால் பெருக்கினால் பாயும் அளவு வந்துவிடும். அதனால்தான் 'வேகமானி' என்பது பொருந்தாது, 'பாய்வு' சரி. இப்போது தோலுக்கு மேலேயே ஒலியலை வைத்து டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுவதால் இதன் தேவை குறைந்துவிட்டது.

அப்புறம் சொற்கள். மேக்னட், கிரேக்கத்து மக்னீசியா என்ற இடப்பெயரிலிருந்து வந்தது. காந்தம், 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லோடு சேர்ந்தது, இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். ஆர்ட்டரியின் கிரேக்க மூலச்சொல் மூச்சுக்குழலையும் குறித்தது. பிணத்தில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்ததால் அவற்றில் காற்று ஓடுவதாகவே முன்னோர் நம்பினார்கள். தமனி என்ற வடசொல்லுக்கும் வேர் 'ஊதுதல்' என்பதே, எனக்கு இது பெரிய வியப்பு.

ஈழத்தில் ஆர்ட்டரியை நாடி என்றும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் வெயினை நாளம் என்றும் எழுதுவார்கள். ஆனால் நம்ம மாவட்டத்து வர்ம ஆசான்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதும் நாடிதான், துடிப்பும் குழாயும் ஒரே பெயரில் குழம்பும், ஆகவே தமனியே இருக்கட்டும். குருதி சங்கப் பாட்டிலேயே உள்ள நல்ல தமிழ். 'மானி'யும் வடமொழி வழி வந்ததுதான்; அது வேண்டாம் என்பவர்கள் 'குருதிப் பாய்வளவி' என்று எழுதலாம், பேச்சில் 'ரத்த ஓட்டமானி' என்றாலே எல்லாருக்கும் புரியும்.