கையில் கேக் இருந்தால்தானே சாப்பிட முடியும், டீச்சர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளே அதிகம். போன மாதம் நான்காம் படிவப் பையன் ஒருவன் பள்ளியில் கொடுத்த பழமொழிப் பட்டியலோடு வந்தான். 'யூ காண்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்' என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. "கையில் கேக் இருந்தால்தானே டீச்சர் சாப்பிட முடியும்? அப்புறம் ஏன் முடியாது என்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. இடறுவது 'ஹேவ்' என்ற ஒரே சொல்தான். இங்கே அதற்கு 'தீராமல் வைத்திருப்பது' என்று பொருள். தின்றுவிட்ட கேக் தட்டில் இருக்காது, அவ்வளவுதான். 1546இல் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் சாப்பிடுவது முதலிலும் வைத்திருப்பது பின்னாலும் வருகிறது. அந்த வரிசையே நிலைத்திருந்தால் பையன் குழம்பியிருக்க மாட்டான். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு எங்க பாட்டி சொல்வாங்க, அதுதானே டீச்சர்?" என்றாள். அதேதான்.

'த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்' என்ற பழமொழியின் கதையும் இதுதான். புட்டிங்குக்குள் ஆதாரத்தைத் தேடக்கூடாது. 'ப்ரூஃப்' என்பதற்குச் 'சோதனை' என்று பழைய பொருள் ஒன்று உண்டு. தின்று பார்த்தால்தான் பக்குவம் தெரியும்.

இதே பிள்ளைகள் விடுமுறை வந்தால் மலாயில் 'மாக்கான் ஆங்கின்' (ஊர் சுற்றுவது; சொல்லுக்குச் சொல் 'காற்றைத் தின்பது') போகிறோம் என்பார்கள். காற்றை எப்படித் தின்பது என்று ஒருவரும் கேட்டதில்லை, காதால் கேட்டே வளர்ந்த சொல் அது. ஆங்கிலப் பழமொழியோ அவர்களுக்குத் தாளில்தான் முதலில் அறிமுகமாகிறது. அதனால் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. (கனமழையை ஆங்கிலத்தில் 'நாயும் பூனையுமாகப் பெய்கிறது' என்பார்கள். என் மாணவர்களின் கட்டுரைகளில் தூறல்கூட அப்படித்தான் பெய்யும்.) பெற்றோர்களே, வாரம் இரண்டு போதும். எந்தச் சொல் இடறுகிறது என்று பார்த்து, அதற்கு வேறு பொருள் உண்டா என அகராதியில் தேடச் சொல்லுங்கள்.

சிலவற்றுக்கு இதுவும் உதவாது. 'கிக் த பக்கெட்' என்றால் இறப்பது. வாளியை எத்தனை முறை உதைத்தாலும் அந்தப் பொருள் வராது, மொத்தமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூடவே, அதை எங்கே சொல்லக்கூடாது என்பதையும். ஒரு மாணவி தன் ஆசிரியையின் தந்தை இறந்தபோது அனுதாப அட்டையில் அதையே எழுதி, பிழை பார்க்க என்னிடம் நீட்டினாள். 'உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டாராமே' என்று கேட்பதற்குச் சமம் அது. அவள் பட்டியலில் எதிரே 'இறத்தல்' என்று மட்டும்தான் போட்டிருந்தது.